வாசகர் கேள்வி–பதில்: "நிதி இல்லை" என்றால் எந்த நிதி?

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது, ஓட்டிசம் உள்ள பிள்ளை. அவன் போய்வரும் பகல்நேர நிலையம் கிழமையில் ஐந்து நாள் நடந்தது. இப்போது இரண்டு நாள்தான். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வானும் நின்றுவிட்டது. கேட்டால் "நிதி இல்லை" என்கிறார்கள், கடிதம் எதுவும் தரவில்லை. யாரிடம் போய் முறையிடுவது?
— ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: முறையிடும் முன், எந்த நிதி இல்லை என்பதைக் கண்டுபிடியுங்கள். பாதீட்டிலேயே தொகை குறைந்திருக்கலாம். தொகை ஏட்டில் இருந்தும் கட்டுநிதி, அதாவது செலவழிக்கக் கையில் தரும் பணம், வந்து சேராமல் இருக்கலாம். அப்படியானால் டிசம்பர் 31 கடந்ததும் அந்த ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அல்லது ஓய்வுபெற்றுப் போன ஒருவருடைய இடம் நிரப்பப்படாமல் கிடக்கலாம். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரச ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டதால், இந்தக் கடைசி வகை வெட்டைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். எதையும் வெட்டியதாக எந்தத் தாளிலும் இருக்காது. பிள்ளைக்கு மட்டும் கிழமையில் மூன்று நாள் போயிருக்கும்.

இதை அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். நிலையத்தை நடத்துவது பிரதேச செயலகமா, மாகாணத் திணைக்களமா என்று பார்த்து, அங்குள்ள தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். அரச பணத்தில் பெருமளவு தங்கியிருக்கும் தொண்டு நிறுவனமும் இச்சட்டத்துக்குள் வரும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கையளித்ததும் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நாட்கணக்கு அதிலிருந்துதான் ஓடும்.

பலர் இடறுவது கேள்வியின் அமைப்பில். "ஏன் குறைத்தீர்கள்?" என்று கேட்டால், "அவ்வாறான தகவல் எம்மிடம் இல்லை" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். இச்சட்டம் அவர்கள் கையிலுள்ள ஆவணத்தைத் தரச்சொல்கிறதே தவிர, விளக்கம் எழுதித் தரச்சொல்லவில்லை. ஆகவே இப்படிக் கேளுங்கள்: கடந்த ஆண்டும் இந்த ஆண்டும் இச்சேவைக்கு ஒதுக்கிய தொகை, அதன் செலவினத் தலைப்பு; மாதவாரியாகக் கிடைத்த கட்டுநிதி; செலவானது எவ்வளவு; அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, வெற்றிடம் எத்தனை, எந்தத் திகதியிலிருந்து; நாட்களைக் குறைக்கும்படி வந்த கடிதம் அல்லது கூட்டத் தீர்மானத்தின் பிரதி. இரண்டு ஆண்டுக்கு மேல் கேட்காதீர்கள். கோப்பு பெரிதென்று கால நீடிப்புக் கேட்பார்கள்.

14 வேலைநாட்களுக்குள் முடிவு வரவேண்டும். வராவிட்டாலும் மறுத்தாலும், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையிடுங்கள். அவருக்கு மூன்று வாரம். அதிலும் பயனில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

பதில் வரும்வரை ஒரு அப்பியாசக் கொப்பியில் நாளுக்கு ஒரு வரி எழுதிவாருங்கள்: திகதி, நிலையம் திறந்ததா, வான் வந்ததா, அன்று தவறிய பயிற்சி எது, வீட்டில் யார் வேலைக்குப் போகாமல் நின்றது. "செவ்வாய், வான் இல்லை, பேச்சுப் பயிற்சி இல்லை, தகப்பன் கூலிவேலைக்குப் போகவில்லை" என்று எழுதினால் போதும். இப்படிப் பத்துக் குடும்பத்துக் கொப்பிகள் மேசையில் இருந்தால், கூட்டத்தில் எவரும் "பெரிய பாதிப்பில்லை" என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: நாங்கள் 43 பெற்றோர் கையெழுத்திட்டு மகஜர் கொடுத்தோம். "பாதீடு முடிந்துவிட்டது, பிந்திவிட்டீர்கள்" என்றார்கள். எப்போது, யாருக்குக் கொடுக்கவேண்டும்?
— பெற்றோர் குழுச் செயலாளர், கிளிநொச்சி

பதில்: நமது நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஆனால் அதற்கான மதிப்பீடுகளைத் திணைக்களங்கள் முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே திரட்டத் தொடங்கிவிடும். ஆகவே உங்கள் மகஜர் ஜூனில் திணைக்களத்தின் மேசையில் இருக்கவேண்டும். பாதீட்டு உரை வழமையாக நவம்பரில். அதன்பின் மிஞ்சுவது குழுநிலை விவாதம். அமைச்சு அமைச்சாக ஒதுக்கீடுகளை எடுக்கும் அந்த நாட்களில், நாடாளுமன்ற உறுப்பினர் உங்கள் எண்களைச் சபையில் சொல்லலாம். ஒன்றைக் கவனியுங்கள்: கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. நீங்கள் பிடிக்கவேண்டியது யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர்களை.

மாற்றுத்திறனாளிகளின் புனர்வாழ்வும் நலனும் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாணப் பட்டியலில் உள்ள விடயம். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. மாகாணப் பாதீட்டை மக்கள் பிரதிநிதிகள் நின்று விவாதிக்கும் சபை இல்லாததால், ஆளுநருக்கும் பிரதம செயலாளருக்கும் சமூகசேவைகள் திணைக்களத்துக்கும் எழுத்தில் கொடுப்பதுதான் வழி. இது பெரிய குறை. பேசவேண்டிய இடத்தில் நம் பிள்ளைகளுக்காகப் பேச ஆளில்லை. மாகாணத்தின் பணமும் பெரும்பாலும் மத்தியிலிருந்துதான் வருகிறது; பகிர்வைப் பரிந்துரைப்பது நிதி ஆணைக்குழு. புதிய ஆளணிக்குத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் இணங்கவேண்டும். ஆகவே வெற்றிடம்தான் பிரச்சினை என்றால் பிரதியை அங்கும் அனுப்புங்கள்.

பிரதேச சபையிடம் பேச்சுச் சிகிச்சையாளரைக் கேட்காதீர்கள், அது அவர்களால் முடியாது. சாய்தளம், சக்கரநாற்காலி நுழையும் கழிப்பறை, நிலையத்துக்குப் போகும் ஒழுங்கையின் கிரவல் என்பவற்றைக் கேளுங்கள். அவர்களுடைய பாதீடு ஆண்டின் கடைசி மாதங்களில்தான் வரும், தவிசாளரைச் செப்டெம்பரிலேயே சந்தியுங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் பேசுவதானால் விடயத்தை முன்கூட்டியே எழுத்தில் மாவட்டச் செயலகத்துக்குக் கொடுத்து நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பியுங்கள். மண்டபத்தில் எழுந்து சொன்னது கூட்ட அறிக்கையில் ஏறாமல் போகக்கூடும். அறிக்கையில் இல்லாததை அடுத்த கூட்டத்தில் யாரும் தொடரமாட்டார்கள்.

மகஜர் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எத்தனை பிள்ளைகள், இழந்த நாட்கள் எத்தனை, எந்தப் பதவி வெற்றிடம், வானை ஐந்து நாளும் ஓட்ட மாதம் எரிபொருளுக்கும் சாரதிக்கும் எவ்வளவு தேவை. இவ்வளவும் முதல் பந்தியில் வரவேண்டும். "தயவுகூர்ந்து" என்று மூன்று பந்தி எழுதி, கேட்கும் தொகையை எழுத மறந்த மகஜர்கள்தான் கோப்புக்குள் உறங்குகின்றன.

கேள்வி: "மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 10,000 ரூபா ஆகிவிட்டதே, இனி ஏன் நிலையம்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
— வவுனியா வடக்கு வாசகர்

பதில்: 7,500 ஆக இருந்தது 2025 பாதீட்டில் 10,000 ஆனது உண்மை, நல்லதும்கூட. ஆனால் அது வருமானம் குறைந்த குடும்பத்துக்கான உதவித்தொகை. சேவையின் விலை வேறு. கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: சிகிச்சைக்குப் போய்வர ஓட்டோவுக்கு 2,500 ரூபா என்று கொண்டால், மாதம் நான்கு பயணத்தோடு 10,000மும் தீர்ந்தது. தாயின் அன்றைய கூலி இதில் சேரவில்லை. பத்தாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினாலும், ஊரில் இல்லாத தொழில்வழிச் சிகிச்சையாளரை எங்கே வாங்குவது? சர்வதேச நாணய நிதியத்தின் 2023 உடன்படிக்கையில் சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவுகளுக்கு அதற்குக் கீழே போகக்கூடாத ஓர் அடிமட்டத் தொகை உண்டு. நிலையத்தின் வானுக்கும் சிகிச்சையாளரின் பதவிக்கும் அப்படியொரு காப்பு இல்லை. அதனால் ஒரு கையால் கொடுப்பனவு கூடும்போதே மறு கையால் சேவை தேயலாம்.

கேள்வி: மகளுக்கு மூளைவாதமும் வலிப்பும் உண்டு. மருந்தை "வெளியே வாங்குங்கள்" என்று எழுதித் தருகிறார்கள்.
— மன்னார் வாசகி

பதில்: முதலில் பிள்ளை. வல்ப்ரோயேற், காபமசெப்பீன் போன்ற வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நீண்ட வலிப்பு வரக்கூடும். பத்து நாள் மருந்து கையில் இருக்கும்போதே அடுத்ததைத் தேடத் தொடங்குங்கள். பாணிக்குப் பதில் குளிசை தந்தால் அளவை வைத்தியரிடம் உறுதிசெய்யாமல் கொடுக்கவேண்டாம். மெதுவாகக் கரையும் வகைக் குளிசையை இடிக்கக்கூடாது. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

பிறகு ஆதாரம்: வெளியே வாங்க எழுதித் தந்த துண்டையும் பாமசி பற்றுச்சீட்டையும் எறியாதீர்கள். இரண்டையும் படம் எடுத்துவையுங்கள், பற்றுச்சீட்டின் மை சில மாதத்தில் மங்கிவிடும். மூன்று மாதத் துண்டுகளைக் கூட்டிய தொகையோடு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள்.

கேள்வி: முறைப்பாடு செய்தால் பிள்ளையை நிலையத்திலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், துணுக்காய்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் தனியாகக் கையெழுத்திடாமல் பெற்றோர் குழுவின் கடிதத் தலைப்பில் எழுதச் சொல்கிறோம். நிலையத்து ஆசிரியையைக் குறைசொல்லும் வரி எதுவும் வேண்டாம். இந்த நிதி வெட்டால் அவரும் பாதிக்கப்பட்டவர்தான், நாளை உங்களுக்காகக் கணக்குத் தரப்போகிறவரும் அவர்தான். பிள்ளையின் பெயரையும் படத்தையும் வெளியில் விடாதீர்கள்.

உண்மையிலேயே பிள்ளையை நிறுத்தினால் அன்றே எழுத்தில் காரணம் கேளுங்கள். உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. போகும்போது பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் நாளுக்கு ஒரு வரி எழுதிவந்த கொப்பியின் பிரதியையும் கொண்டுபோங்கள், மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவராதீர்கள்.