அம்பாந்தோட்டைய யாரு வித்தது?

கேள்வி: கடனுக்குப் பதிலா இலங்கையோட அம்பாந்தோட்டை துறைமுகத்தையே சீனாக்காரன் எழுதி வாங்கிட்டான். நாளைக்கு நம்ம ஹார்பர் வாசலுக்கும் வருவான். டெல்லி வேடிக்கை பாக்குதே?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கடனுக்குப் பதிலான்னு யாரு தலைவரே சொன்னது? 2017ல 99 வருஷ குத்தகைக்கு சைனா மெர்ச்சன்ட்ஸ் கம்பெனி குடுத்தது 112 கோடி டாலர், அது இலங்கையோட டாலர் கையிருப்புக்குத்தான் போச்சு, துறைமுகம் கட்ட சீன எக்ஸிம் பேங்க்ல வாங்குன கடன் கழியவே இல்ல, அப்படியே கஜானா தலையில நிக்குது. ராஜபக்சே தன் சொந்த மாவட்டத்துல கட்டுனது, கப்பல் வரல, வட்டி மட்டும் வந்துச்சு. அதுக்கு மேல சர்வதேச மார்க்கெட்ல வித்த பாண்டு, அதாவது கடன் பத்திரம் வேற, சீனக் கடன விட அதுதான் பெருசு, அத வாங்குனவங்க பல பேரு, தவணைய தள்ளி வைங்கன்னு கெஞ்சலாம்னா எதிர்ல ஒரு ஆளும் கிடையாது. டாலருக்குப் பறந்தவன் கையில இருந்தத வித்தான், அவ்ளோதான்.

அதுக்காக சீனா உத்தமன்னு சொல்லல. 2022 ஆகஸ்ட்ல யுவான் வாங் 5ங்கிற சீனக் கண்காணிப்புக் கப்பல் வந்தப்போ, இப்ப வேணாம் கொஞ்சம் தள்ளி வாங்கன்னு கொழும்பு கேட்டுச்சு, சில நாள்லயே கப்பல் அதே அம்பாந்தோட்டையில வந்து நின்னுச்சு. திவாலான நாட்டோட 'வேணாம்'க்கு அவ்ளோதான் மதிப்பு. அந்த வருஷம் சுமார் 400 கோடி டாலர் உதவி பண்ண இந்தியா சொல்லியும் நடக்கல.

டெல்லி வேடிக்கை பாக்குதா? யாழ்ப்பாணம் பக்கத்துல நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுல கரண்ட் திட்டம் 2021ல சீனக் கம்பெனிக்குப் போச்சு, டெல்லி மொறைச்சதும் அது போயி இந்திய மானியத்துல செய்யறதா மாறுச்சு. கொழும்பு துறைமுகத்தோட கிழக்கு டெர்மினல் அதே வருஷம் இந்தியா, ஜப்பான் கையவிட்டுப் போச்சு, அங்க தொழிற்சங்கம் விடல. உடனே பக்கத்துல மேற்கு டெர்மினல்ல 51% அதானிக்கு, 2025ல ஓடவே ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு பேருமே அங்க கடை போட்டுத்தான் உக்காந்திருக்காங்க.

நம்ம ஹார்பர் வாசல் கதைக்கு வருவோம். உங்க ஏரியா எக்ஸ்பிரஸ் ரோட்ல டிரைவருங்க வண்டிக்கு அடியில ஸ்டவ் வெச்சு சோறு வடிக்கிற அளவுக்கு கியூ நிக்குதே, அந்த டிரெய்லர் போற சென்னை துறைமுகத்துல ஒரு கன்டெய்னர் டெர்மினல நடத்துறது துபாய்க்காரன், இன்னொண்ண சிங்கப்பூர்க்காரன். நாம யாரும் நாடு போச்சுன்னு கத்தல, ஏன்னா நிலம் நம்மது, நேவி நம்மது. அதுல கொஞ்சம் பெட்டி ஃபீடர்னு சொல்ற சின்னக் கப்பல் ஏறி கொழும்புக்குத்தான் போவுது, அங்க பெரிய கப்பலுக்கு மாத்துற டெர்மினல்ல ஒண்ணுல 85% அதே சைனா மெர்ச்சன்ட்ஸோடது! நம்ம சரக்குக்கு நாமளே அவனுக்குக் கூலி குடுக்கறோம், இத எந்த மேடையிலயும் எவனும் பேச மாட்டான். கேரளாவுல விழிஞ்சம் துறைமுகத்த 2025ல தொறந்திருக்காங்க, கொழும்பு சரக்குல எவ்ளோ அங்க திரும்புதுன்னு பாத்துட்டு அடுத்த கேள்வி அனுப்புங்க.