எஃப் கார்டு வரவில்லையா? முதலில் கிட்டாரை அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. மூன்று மாதம் முன்பு ஆன்லைனில் ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கி, வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். விரல் நுனி எரிகிறது. ஜி, சி, டி கார்டுகள் (பல கம்பிகளை ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரல் பிடிகள்) ஓரளவு வருகின்றன, ஆனால் எஃப் பிடித்தால் பாதிக் கம்பி பேசவே மாட்டேன் என்கிறது. அடுத்த கார்டுக்கு விரலை மாற்றுவதற்குள் பாட்டு எங்கோ போய்விடுகிறது. இந்த வயதுக்கு மேல் விரல் வளையாதா?

பதில்: நன்றாக வளையும். என்னிடம் இதே புகாரோடு வருகிறவர்களிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது அவர்கள் கையை அல்ல, கிட்டாரை. பெட்டியிலிருந்து எடுத்த கிட்டாரை யாரும் சரிபார்க்காமல் அப்படியே வாசிக்கத் தொடங்கிவிடுகிறோம், கம்பி தேவைக்கு மேல் உயரத்தில் நிற்கும், அதை அழுத்தி அழுத்தி விரல் புண்ணாகும், கடைசியில் பழி வயதின் மேல் விழும்.

வீட்டில் ஸ்டீல் ஸ்கேல் இருக்கிறதா? கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டங்கள்தான் ஃப்ரெட், தலைப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். 12ஆவது ஃப்ரெட்டின் உலோகப் பட்டைக்கும் தடித்த ஆறாவது கம்பியின் (மிக மெல்லியதுதான் முதல் கம்பி) அடிப்பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, மூன்றைத் தாண்டினால் புதிதாகக் கற்பவருக்கு அது தண்டனைதான். அப்புறம் இன்னொன்று, எஃப் கார்டுக்கு இதுதான் முக்கியம்: ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் அந்தக் கம்பி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். ஒரு மெல்லிய தாள் நுழையும் அளவுதான் இருக்க வேண்டும். பளிச்சென்று சந்து தெரிந்தால், கம்பிகள் உட்காரும் அந்த வெள்ளைத் துண்டு, அதாவது நட், உயரமாக இருக்கிறது. எஃப் முதல் ஃப்ரெட்டிலேயே பிடிக்க வேண்டிய கார்டு என்பதால் அடி முழுக்க அங்கேதான் விழும். கிட்டார் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து "செட்டப் செய்து கொடுங்கள்", அதாவது கம்பி உயரத்தைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேளுங்கள், நீங்களே அரம் எடுத்துத் தேய்க்க வேண்டாம், நட்டில் பள்ளம் கூடிவிட்டால் கம்பி இரையும். அதோடு கம்பியையும் 10இல் (மிக மெல்லிய கம்பியின் தடிமன் 0.010 அங்குலம்) தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் செட்டாக மாற்றச் சொல்லுங்கள். பல அக்கூஸ்டிக் கிட்டார்களில் 12 தான் போட்டு வரும், அது இன்னும் இறுக்கம்.

விரல் நுனி எரிவது சில வாரத்தில் தோல் தடித்ததும் அடங்கிவிடும். மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்தாலோ மட்டும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அழுத்தும் இடத்தையும் கவனியுங்கள்: இரண்டு பட்டைகளுக்கு நடுவில் அல்ல, உங்களுக்கு வலப்பக்கம் இருக்கும் பட்டையை ஒட்டினாற்போல வைத்தால் பாதி பலமே போதும்.

கார்டு மாற்றத்துக்கு வருவோம். எல்லா விரலையும் தூக்கி மறுபடி ஒவ்வொன்றாக வைப்பதில்தான் நேரம் போகிறது. சி பிடித்து அங்கிருந்து ஏ மைனருக்குப் போங்கள்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அசையவே வேண்டாம், மோதிர விரல் மட்டும் ஐந்தாவது கம்பியை விட்டு மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டுக்கு வந்தால் போதும். அதே சியில் ஆள்காட்டி விரலை வைத்த இடத்திலேயே விட்டு, மற்ற இரண்டையும் தரையை நோக்கி ஒவ்வொரு கம்பி இறக்கி, கீழே உள்ள நான்கு கம்பிகளை மட்டும் தட்டினால் எஃப் மேஜர் செவன் வந்துவிடும். முழு எஃப் கைக்கு வரும்வரை நிறையப் பாட்டுகளில் இதை வைத்தே ஓட்டலாம். தினமும் ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து, ஒரே ஜோடியை எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட தினம் 15 நிமிடம் எவ்வளவோ மேல்.

முழு எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் நசுக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பேசவைக்க வேண்டியது ஆறு, இரண்டு, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளைத்தான், நடுவில் உள்ளவற்றை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்ளும். அந்த விரலைக் கொஞ்சம் கட்டைவிரல் பக்கமாக உருட்டி, எலும்பு உள்ள ஓரத்தால் அழுத்துங்கள். முழங்கையை உடம்போடு லேசாகச் சேர்த்து, கையின் எடையால் பின்னுக்கு இழுங்கள், கட்டைவிரலால் மட்டும் கிள்ளிப் பிடிக்காதீர்கள்.

இதை முதல் ஃப்ரெட்டில் தொடங்காதீர்கள். அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடியுங்கள், அங்கே அது ஏ மேஜர், கம்பியும் இளகிக் கொடுக்கும். ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, ஆறும் தெளிவாகக் கேட்ட பிறகு நான்காவதுக்கு, அப்புறம் மூன்றாவதுக்கு என்று இறங்குங்கள். ஒவ்வொன்றிலும் சில நாள் இருங்கள், அவசரமில்லை. முதல் ஃப்ரெட்டுக்கு வந்து சேரும்போது கையில் இருப்பது எஃப்.