வீட்டு மரமும் செயின்சோ பாஸும்: கேள்வி பதில்

தேயிலைத் தோட்டத்து நிழல் மரங்களோடு முப்பது வருடம் மாரடித்தவன் நான். வீட்டு மரத்துக்குப் பாஸ், அதாவது மரம் வெட்டும் ஆள், பிடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இதோ பதில்.

ஹட்டன் தம்பி: ஐயா, லயத்துக்குப் பின்னால் பெரிய சவுக்கு மரம். வைகாசிக் காற்றுக்கு முன் உச்சியை வெட்டினால் பயமில்லை என்கிறார் பாஸ். வெட்டலாமா?

லயத்து மரம் தோட்டத்துச் சொத்து தம்பி, முதலில் துரையிடம் கேளுங்கள். வெட்டச் சொன்னாலும் உச்சியை மொட்டையடிக்க விடாதீர்கள். வெட்டுவாயில் கொத்தாகத் துளிர் கிளம்பும். அவை பட்டையோரம் ஒட்டிக்கொண்டு வளருமே தவிர உள்ளே கால் ஊன்றாது. மழைத்தண்ணீர் இறங்கி நடுவும் உளுத்துப்போகும்.

நானும் இதில் ஏமாந்தவன்தான். என் பட்டர் ப்ரூட் மரத்தை ஒரு பாஸ் அரைவாசியாக்கிவிட்டுப் போனார். மறுவருடம் ஒரு காய் இல்லை. வெயில் நேரே பட்டு மேற்பட்டை வெடித்தது. நாலாம் வருடம், காற்றே இல்லாத ஓர் இரவில், என் தொடைப் பருமன் கிளையொன்று கோழிக்கூட்டுத் தகரத்தில் விழுந்தது. போய்ப் பார்த்தால் முறியவே இல்லை, பட்டையோடு கழன்று வந்திருக்கிறது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறோமே என்பார்கள். தேயிலை இடுப்பளவுச் செடி, யார் தலையிலும் விழாது.

பண்டாரவளை அக்கா: நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

வந்ததும் அண்ணாந்து பார்த்து விலை சொன்னால் பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். விஷயம் தெரிந்தவர் முதலில் மரத்தடியில் குந்துவார். மண் வெடித்திருக்கிறதா, வேரில் காளான் இருக்கிறதா என்று பார்ப்பார், தட்டி உள்ளே பொந்தா என்று கேட்பார். பிறகு நீங்கள் ஒன்று கேளுங்கள்: "கிளையை எந்த இடத்தில் வெட்டுவீர்கள்?" கிளை தண்டில் சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். அதைக் காட்டி, அதற்குச் சற்று வெளியே என்றால் சரியான ஆள். பெரிய கிளை என்றால் ஓரடி தள்ளி முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்து, அதற்கும் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குவார். தடிப்பருகே கடைசி வெட்டு. இல்லாவிட்டால் பட்டை தண்டுவரை உரியும். இன்னொன்று: ஆணிச் சப்பாத்தோடு ஏறுவது விழுத்தப்போகும் மரத்தில் மட்டும். வளர்க்கும் மரத்தில் ஒவ்வொரு ஆணியும் ஒரு புண். ஒரு வருடத்தில் கால்வாசிப் பச்சைக்கு மேல் எடுக்கவும் விடாதீர்கள்.

நாவலப்பிட்டி அண்ணன்: வெட்டுவாயில் தார் பூசலாமா?

வேண்டாம், தாரால் பயனில்லை. மரத்துக்குப் புண் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளே சுவர் கட்டி அடைத்துவிட்டுப் புதிதாக வளரும். ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து இதைச் சொன்னவர் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷிகோ.

கம்பளை தங்கச்சி: எங்கள் சொந்தக் காணியில் நிற்கும் பலாவுக்கும் அனுமதி வேண்டுமா?

விழுத்துவதென்றால் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் காக்கிறது. கிராம சேவகரிடம் தொடங்கிப் பிரதேச செயலகம்வரை போகவேண்டும். பாஸ் "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாலும் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே செயின்சோவை இழுக்க விடுங்கள். கிளை மின்கம்பியைத் தொடுகிறதென்றால் யாரையும் ஏற்றாதீர்கள், மின்சார சபைக்கு 1987 அடியுங்கள்.

பதுளை தம்பி: டிட்வா புயலுக்குப் பிறகு, வீட்டுக்கு மேலே சரிவில் நிற்கும் அல்பீசியாவைப் பார்த்தாலே பயம். வேரோடு எடுத்துவிடவா?

2025 நவம்பரைப் பார்த்தவருக்கு அந்தப் பயம் நியாயம்தான். அல்பீசியா மெது மரம், காற்றுக்கு லேசாக முறியும். நல்ல ஆளை வைத்துக் கயிறு கட்டித் துண்டுதுண்டாக இறக்குங்கள். ஆனால் அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள், மண்ணைப் பிடித்திருப்பது அந்த வேர். சில வருடத்தில் அது உக்கிப்போகும், அதற்குள் பக்கத்தில் வேறு மரம் வைத்துவிடுங்கள். மரங்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தாலோ, நிலம் வெடித்தாலோ, ஊற்று திடீரென்று சேறாக வந்தாலோ அது மண்சரிவின் அறிகுறி, மரக்காரர் வேலையே இல்லை. வீட்டைவிட்டு விலகி அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடியுங்கள். மரத்தை அப்புறம் பார்ப்போம்.