பவானி ஜமுக்காளத்துல உக்காந்து வாசிச்ச பாப்பாவுக்கு ஆடிஷன் வேணுமா?

தம்பி, ஜூன் மாசம் குடும்பத்தோட நியூ ஜெர்சி வர்றீங்க. பவானியில ப்ளஸ் ஒன் படிக்கிற பாப்பா ஒன்பது வருசமா கர்நாடக வயலின் கத்துக்குது. இங்க காலேஜ் மியூசிக்குக்கு ஆடிஷன் (சேர்றதுக்கு முன்னால வாசிச்சுக் காட்டற தேர்வு) கொடுக்கலாமா, இல்ல பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேத்தீரலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் பெருந்துறைக்காரிங்க, இங்க வந்து 19 வருசமாச்சு. என் பொண்ணும் இதே மாதிரி வயலினைத் தூக்கிக்கிட்டு ஆடிஷனுக்குப் போனவதான்.

வயலின் ஒன்னுதான், ஆனா வித்தை வேற. நம்ம பிள்ளைங்க ஜமுக்காளத்துல சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது கணுக்கால்மேல ஊனி, ச-ப-ச-பன்னு சுதி கூட்டி வாசிக்குதுங்க. இங்க நின்னுக்கிட்டு, தாடைக்குக் கீழ புடிச்சு வாசிக்கோணும். தந்தி நாலும் ஜி-டி-ஏ-இ. அதுக்கும் மேல, முன்னப்பின்ன பாக்காத நோட்டேஷன் தாளை முன்னால வெச்சு, உடனே வாசிங்கம்பாங்க. என் பொண்ணு அங்கதான் திணறிப்போச்சு. போன ரெண்டு காலேஜ்லயும் இல்லைன்னுட்டாங்க. திரும்பி வர்றப்ப கார்ல ஒரு வார்த்தை பேசலைங்க. தயார் பண்ணாம கூட்டிட்டுப் போனது எங்க தப்பு.

பல மியூசிக் ஸ்கூல்கள்ல டிசம்பர் வாக்குலயே வீடியோ அனுப்போணும், தேறினா ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள்ள நேர்ல கூப்பிடுவாங்க. பிலடெல்பியா கர்ட்டிஸ் மியூசிக் ஸ்கூல்ல 1928லிருந்து கல்விக் கட்டணமே கிடையாது, அதனால அங்க எவ்வளவு போட்டின்னு நீங்களே பாத்துக்குங்க. ஜூன்ல வந்து எறங்கற பாப்பாவுக்கு ஆறு மாசத்துல அந்த வித்தை கைக்கு வராதுங்க. அந்த வாசல் இந்த வருசம் வேண்டாம்.

ஆனா அதுகிட்ட இருக்கற வித்தையையே கேக்கற எடங்களும் இருக்குதுங்க. பாஸ்டன் பெர்க்லீ மியூசிக் காலேஜ்ல எந்தப் பாணியிலயும் வாசிச்சுக் காட்டலாம், அந்தந்த நேரத்துல கற்பனை பண்ணி வாசிக்கறதையும் கேப்பாங்க. கல்பனாஸ்வரம் வாசிச்சுப் பழகின பிள்ளைக்கு அது பெரிய பலம். செலவு மட்டும் கடுசு. கனெக்டிகட் வெஸ்லியன் யுனிவர்சிட்டில 1960கள்லிருந்து கர்நாடக இசை இருக்குது, மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதனும் சொல்லிக்கொடுத்த எடம். அப்புறம், பி.ஏ. மியூசிக்குன்னா ஆடிஷன் இல்லாமயே சேத்துக்கற காலேஜுகளும் உண்டு, கூடவே கம்ப்யூட்டர் சயின்ஸும் எடுத்துப் படிக்கலாம்.

அந்த ரெட்டைப் படிப்புதான் என் யோசனை. விசாவையும் நெனச்சுத்தான் சொல்றேன்: எச்-4ல (எச்-1பி வேலை விசாக்காரங்க குடும்பத்துக்குக் குடுக்கற விசா) வர்ற பிள்ளை 21 வயசானா மாணவர் விசாவுக்கு மாறோணும். அந்த மாணவர் விசாவுல படிப்பு முடிஞ்சு வேலை பாக்க மியூசிக் பட்டத்துக்கு 12 மாசந்தான் குடுப்பாங்க, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேல 24 மாசம் கேக்கலாம்.

கெளம்பறதுக்கு முன்னால குருகிட்டச் சொல்லி, மிருதங்கத்தோட ஒரு முழு கீர்த்தனையை, ஆலாபனை, ஸ்வரத்தோட பதிவு பண்ணிக்கிட்டு வாங்க. இங்க மிருதங்கத்துக்கு ஆள் தேடி அலையோணும். வயலினை ஏர்போர்ட்ல செக்-இன் பண்ற பொட்டியோட போட்டறாதீங்க, பாப்பா கையிலயே ஏறட்டும். குளிர்காலத்துல ஹீட்டர் காத்துக்கு மரம் வெடிச்சுரும், வந்த ஒடனே காத்துல ஈரம் ஏத்தற ஹியூமிடிஃபையர் ஒன்னு வாங்கி வெச்சுருங்க.