பழைய மாருதி 800-க்கு எந்த ஸ்பார்க் பிளக் வாங்குவது? இரிடியம் போட்டால் மைலேஜ் கூடுமா?

உங்களுடையது 1999 மாடல், கார்புரேட்டர் வண்டி. கடலூரில் இரண்டு கடையில் கேட்டதற்கு இரண்டு விதமான பிளக்கை எடுத்துக் கொடுத்தார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது 1997 மாடல் 800. அப்பா வாங்கியது. மஞ்சக்குப்பத்தில் இருந்து புதுச்சேரிக்கு வாரத்தில் மூன்று நாள் இன்றும் அதில்தான் போய் வருகிறேன். அதனால் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன்.

மேனுவலில் என்ன நம்பர் போட்டிருக்கிறதோ, அதை எழுத்துக்கு எழுத்து பார்த்து வாங்குங்கள். 'ரெண்டும் ஒண்ணுதாங்க, உட்காரும்' என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். உட்காரும் என்பது உண்மைதான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பட்டறையில் வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். நான் பக்கத்தில் நிற்கவில்லை. ஒரு பிளக்கை மாற்றியிருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து அம்மாவைக் கண் பரிசோதனைக்காக ஜிப்மருக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ரெட்டிச்சாவடி தாண்டும்போதே வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. கிருமாம்பாக்கம் போவதற்குள் மூன்றாவது கியரில்கூட இழுவை இல்லை. மூன்றே சிலிண்டர் உள்ள வண்டியில் ஒன்று படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். ஸ்டீயரிங்கே கையில் நடுங்கும். அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டியை மெதுவாகத் திருப்பி, திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

எஞ்சின் ஆறும்வரை அவர் தொடவே இல்லை. பிறகு மூன்று பிளக்கையும் கழற்றி, பழைய செய்தித்தாளின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை மாறாமல் வைத்தார். முதல் இரண்டின் நுனி மாரி பிஸ்கட் நிறத்தில் இருந்தது. மூன்றாவது கன்னங்கரேல் என்று, பெட்ரோல் நெடியோடு ஈரமாக இருந்தது. அதைவிட, மூன்றையும் நிமிர்த்தி வைத்தபோதுதான் அது தெரிந்தது: மூன்றாவதின் மரை மட்டும் குட்டை. "தம்பி, இது கார் பிளக்கே இல்ல. டூ ஸ்ட்ரோக் பைக்ல போடுறது" என்றார். பீங்கானைத் துடைத்துவிட்டுப் படித்தோம். மற்ற இரண்டும் 'இ.எஸ்.' என்று முடிந்தன. அது 'எச்.எஸ்.' என்று முடிந்தது. ஒரே ஓர் எழுத்து.

அந்த எழுத்து மரையின் நீளத்தைச் சொல்வது. என்.ஜி.கே. கம்பெனியின் கணக்கில் 'இ' என்றால் 19 மி.மீ., 'எச்' என்றால் 12.7 மி.மீ. இரண்டுக்கும் மரையின் விட்டம் ஒன்றேதான், 14 மி.மீ. ஸ்பேனரும் ஒன்றேதான். அதனால் குட்டை பிளக் அழகாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பொறி, எரிய வேண்டிய இடத்துக்கு ஆறு மில்லிமீட்டர் மேலே ஒரு பொந்துக்குள் அடிக்கும். எரிப்பு சரியாக நடக்காமல் கரி சேரும். அந்தக் கரி, ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி, பிளக் உட்காரும் இடம்) மூடாமல் கிடக்கும் மரைகளில் இறுகிவிடும். என் வண்டியில் புது பிளக்கை விட்டபோது அது பாதியிலேயே நின்றுவிட்டது. அண்ணன் அதை அழுத்தித் திருப்பவில்லை. மரை வெட்டும் டேப்பின் பற்களில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று பொறுமையாக மரையைச் சுத்தம் செய்தார். கரித்தூள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் பிளக் இல்லாமலேயே இரண்டு முறை செல்ஃப் அடித்து மிச்சத் தூளை வெளியேற்றினார். அலுமினிய ஹெட். அந்த மரை பாழாகியிருந்தால் ஹெட்டைக் கழற்றும் வேலையாகப் போயிருக்கும். இதற்கு நேர்மாறாகக் குட்டை பிளக் கேட்கும் எஞ்சினில் நீள பிளக்கைப் போட்டால் பிஸ்டனிலேயே இடிக்கலாம்.

இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், கஷ்டமில்லை. எந்தக் கடையிலும் கிடைக்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம்: என்.ஜி.கே. பி.பி.ஆர்.6.இ.எஸ். (BPR6ES). முதல் 'பி' 14 மி.மீ. மரை. இரண்டாவது 'பி' நுனிப் பீங்கான் வெளியே நீட்டியிருப்பது. 'ஆர்' உள்ளே ரெசிஸ்டர் இருப்பது. 6 சூட்டு எண். 'இ' சொல்லிவிட்டேன். 'எஸ்' சாதாரணக் காப்பர் வகை. கடைசியில் '11' என்று இருந்தால் பொறி தாண்டும் நுனி இடைவெளி 1.1 மி.மீ. வைத்து வருகிறது என்று பொருள். இதே தரத்துக்கு பாஷில் டபிள்யூ.ஆர்.7.டி.சி. என்று இருக்கும். நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் 'மைக்கோ பிளக்' என்பது இதைத்தான். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது, பேச்சில் மட்டும் பழைய பெயர் நிற்கிறது.

உங்களுக்கு இரண்டு கடையில் இரண்டு பிளக் கொடுத்தார்கள் அல்லவா, சூட்டு எண்ணில்தான் குழப்பம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். என்.ஜி.கே., டென்ஸோ இரண்டிலும் எண் ஏறினால் பிளக் 'குளிர்ச்சி'. பாஷில் எண் ஏறினால் 'சூடு'. தலைகீழ். அங்கே 6 இங்கே 6 என்று ஒப்பிட்டு வாங்கினால் தப்பாகிவிடும். பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைச் சொல்லும் எண் அது; வேகமாகக் கடத்துவது 'குளிர்ச்சி', மெதுவாகக் கடத்துவது 'சூடு'. நுனி ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் போனால்தான் கரி தானாக எரியும். 800 டிகிரியைத் தாண்டினால் பொறி அடிக்கும் முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும், அது பிஸ்டனுக்கு எமன். மஞ்சக்குப்பத்துக்கும் முதுநகருக்கும் மட்டும் ஓடும் வண்டியில் நுனி அந்த 450-ஐ எட்டுவதே அபூர்வம். அதனால் பிளக் கறுக்கும். 'ஒரு நம்பர் சூடா போட்டுடலாம்' என்பார்கள். வேண்டாம். வாரம் ஒருமுறை புதுச்சேரி ரோட்டில் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டுங்கள், அதுவே சுத்தம் செய்துவிடும். கடலூர்க்காரர்கள் எப்படியும் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடைக்குப் போய்த்தானே பெட்ரோல் போடுகிறோம்.

இரிடியம் பற்றி. அது மோசமான பொருள் இல்லை. 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும், நுனி எளிதில் தேயாது, காப்பர் பிளக்கைவிடப் பல மடங்கு நாள் வரும். ஆனால் நல்ல காப்பர் பிளக் கொடுக்கிற மைலேஜைத்தான் அதுவும் கொடுக்கும். வருடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற பழைய வண்டிக்கு மூன்று காப்பர் பிளக் வாங்கும் காசில் ஓர் இரிடியம்கூட வராது. மிச்சப் பணத்தில் பிளக் ஒயர், டெல்கோ (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்) மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டர் மூன்றையும் மாற்றுங்கள். கடலோரத்தில் இருக்கும் நமக்கு அதுதான் முக்கியம். உப்புக் காற்றில் ஒயரின் முனையில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி களிம்பு பிடித்துவிடும். ஐப்பசி மழையில், விளக்கில்லாத இடத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது பானெட்டைத் திறந்து பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள், பார்த்தால் போதும். ஒயர் வெடித்திருந்தால் அதன் மேல் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். அந்த மின்சாரம் பிளக்குக்குப் போக வேண்டியது.

பிளக் வாங்கியதும் நுனி இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிபாருங்கள். கார்புரேட்டர் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.7–0.8 மி.மீ. தான், மேனுவலில் இருப்பதே முடிவு. 1.1-இல் வரும் பிளக்கை அப்படியே மாட்டினால் ஈரக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். போலியும் நிறைய வருகிறது. அசல் என்.ஜி.கே. பிளக்கில் வாஷர் மரையை விட்டுக் கழன்று வராது. கையால் சுற்றி எடுத்துவிட முடிந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். முதல் சில சுற்று விரலால் மட்டும். வாஷர் உட்கார்ந்ததும் புது பிளக்குக்கு ஸ்பேனரால் அரைச் சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

புதியதை வாங்கும் முன்பு, இப்போது இருக்கும் மூன்றையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி காய்ந்த கறுப்பு என்றால் சோக் முழுதாகத் திரும்புகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, எந்த பிளக்காலும் அதைத் தீர்க்க முடியாது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் வண்டி சூடாகிறது, உடனே கவனியுங்கள். மூன்றின் நிறத்தையும், பீங்கானில் இருக்கும் எழுத்துகளையும் கீழே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த பிளக் என்று நம்பரோடு சொல்கிறேன்.