பழைய ஜீப்பின் அடிப்பகுதிக்குக் கோட்டிங் அடித்துவிட்டால் துரு நிற்குமா?

சென்னையில் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை வாங்கிக் கூடலூருக்குக் கொண்டுவந்திருப்பதாகவும், ஜூன் மழை தொடங்குமுன் அடிப்பகுதி முழுவதற்கும் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடித்துவிட்டால் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பத்து வருடங்களுக்குத் துருப்பிடிக்காமல் இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருக்காது. போதாக்குறைக்கு, இப்போது கண்ணுக்குத் தெரிகிற துருவும் தெரியாமல் போய்விடும். இதற்குப் பதில் எழுத எனக்கிருக்கும் ஒரே தகுதி, அந்தத் தவற்றைக் காசு கொடுத்துச் செய்தவன் என்பதுதான்.

நான் மெக்கானிக் அல்லன். கோத்தகிரிப் பக்கத்தில் கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவன். கோட்டிங் தொழிலில் இருப்பவர்கள், முறையாகச் செய்தால் நிற்கும் என்று கீழே எழுதுவார்கள் என்பது தெரியும். அதை நான் மறுக்கவில்லை. ஷோரூமிலிருந்து வந்த புது வண்டிக்கு, துரு என்ற பேச்சே இல்லாத தகட்டின் மேல், நன்றாகக் காயவைத்து அடித்தால் கல்லடியிலிருந்து அது காப்பாற்றும். ஆனால் நீங்கள் கேட்டது பழைய வண்டியைப் பற்றி. அதுவும் கடற்காற்றில் நின்ற வண்டியைப் பற்றி.

என் ஜீப் 2004-இல் பதிவானது. நான் அதை 2012-இல் வாங்கினேன். 2015 அக்டோபரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, சமவெளியில் ஒரு பட்டறையில் விட்டு 6,500 ரூபாய்க்குக் கோட்டிங் அடித்தேன். காலையில் பம்ப் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்ப்ரே கன்னை எடுத்தார்கள், விளக்கு வைக்கும் நேரத்தில் சாவியைக் கையில் கொடுத்தார்கள். இடையில் கம்பி பிரஷ் யார் கையிலும் இருந்ததாக நினைவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவும் இல்லை. குனிந்து பார்த்தால் கன்னங்கரேலென்று எருமை முதுகுபோல் பளபளவென்று இருந்தது. மகிழ்ச்சியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு மலை ஏறினேன். அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் நான் அந்த வண்டிக்கு அடியில் குனியவே இல்லை. கோட்டிங் எனக்குச் செய்த பெரிய கெடுதல், என்னைக் குனியவிடாமல் செய்ததுதான்.

2019 செப்டம்பரில் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டிவந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லையென்றாலும், துவைத்த துணி ஒரு வாரம் கொடியிலேயே கிடந்தது. பதிவைப் புதுப்பிக்கச் சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்க வேண்டும். எண் இருக்கும் இடத்தின் மேலும் அந்தப் புண்ணியவான்கள் கோட்டிங்கை அடித்து வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கறுப்புத் தோல் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே உரிந்து கையோடு வந்தது. அதன் உள்பக்கத்தில் ஊட்டி வர்க்கியைப்போல் அடுக்கடுக்காகத் துரு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் நசுக்கினால் அதே போல் நொறுங்கவும் செய்தது.

நல்லவேளையாக எண் தப்பித்திருந்தது. சாக்பீஸைத் தேய்த்துப் படிக்க முடிந்தது. ஆனால் உடனிருந்த மெக்கானிக் அண்ணா அதோடு விடவில்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, சிறு சுத்தியலால் சேஸிஸை முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் கோவில் மணிபோல் கணீரென்று கேட்டது. பின் வில்லுப்பட்டையைத் தாங்கும் ஹேங்கருக்கு ஒரு முழம் முன்னால் சத்தம் திடீரென்று மழுங்கி, ஈரப் பலகையைத் தட்டியதுபோல் ஆகிவிட்டது. அங்கே ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போனது. பிறகு சேஸிஸின் அடிப்பக்கத்தில் விரலால் தடவி, கோட்டிங்கால் அடைபட்டிருந்த ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்துக் குத்தினார். டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு டம்ளருக்குக் குறையாமல் தண்ணீர் ஒழுகியது; பின்னாலேயே சேறு வந்தது. மழை நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

“தம்பி, துருவுக்குக் குளிரக்கூடாதுன்னு கம்பளி போத்தி விட்டிருக்கீங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டிபோல் மூடிய சேஸிஸின் அடியில் தயாரிப்பாளர்கள் ஓட்டை வைப்பதே உள்ளே புகும் தண்ணீர் வடிவதற்காகத்தான். தண்ணீர் புகாத சேஸிஸ் கிடையாது. மேலே போல்ட் போகும் துளை, பற்றவைத்த இடத்துச் சந்து என்று வழிகள் ஏராளம். அடித்தவர் வடிகாலை அடைத்துவிட்டார். வந்த தண்ணீர் குடியேறிவிட்டது. வெளிப்பக்கத்திலும் கதை இதுதான். இரும்புக்குத் துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும், அதற்கு மழையேகூட வேண்டாம். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகமெடுக்கும் என்பார்கள், நம் ஊரில் மழை மாதங்களில் அதற்குக் கீழே இறங்கும் நாளை எண்ணிவிடலாம். ஒரு கல் பட்டுக் கோட்டிங்கில் கீறல் விழுந்தால் போதும், அதன் வழியே ஈரம் தோலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஊர்ந்து போய்விடும், ஆனால் வெயில் வந்தாலும் வெளியேறாது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைப்பதால், உப்பி உப்பித் தோலை இன்னும் தூக்கி, அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் இடம் செய்துகொடுக்கும். கோட்டிங் இல்லாத சேஸிஸாவது இரண்டு நாள் வெயிலில் காய்ந்திருக்கும்.

பழி முழுவதையும் பட்டறையின் மேல் போட்டால் அது நியாயமாகாது. என் மைத்துனருக்கும் பங்கு உண்டு. தேயிலைக்கு யூரியாவும் பொட்டாஷும் போடுவோம். லாரி வராத தோட்டப் பாதை என்பதால் மூட்டைகள் என் ஜீப்பில்தான் போகும், பெரும்பாலும் அவருடைய மூட்டைகள், என்னுடைய டீசல். கிழிந்த சாக்கிலிருந்து சிந்திய பொட்டாஷைக் கூட்டித் தள்ளச் சொன்னால், “அது உரம்தானே மாமா, விஷமா?” என்பார். நாம் வாங்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு; சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மூடுபனியில் தானே ஈரத்தை இழுத்துக் கசிந்து, தரைத் தகட்டின் போல்ட் துளை வழியாகச் சேஸிஸின் மேல்பக்கத்தில் சொட்டும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துருப்பிடிக்கும் வேலையும் பல மடங்கு வேகமாக நடக்கும். ஸ்க்ரூ டிரைவர் போன இடம் சரியாக மூட்டைகளை அடுக்கும் இடத்துக்குக் கீழேதான் இருந்தது. இதை அவரிடம் காட்டியும் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பதிலை அவர் படிக்க நேர்ந்தால், 2018-இல் வாங்கிய டீசல் காசும் இன்னும் வரவில்லை என்பதை நினைவூட்டிக்கொள்கிறேன்.

அழுகிய இடத்தை வெட்டியெடுத்து, நல்ல இரும்பு வரும்வரை சுரண்டி, தகடு வைத்துப் பற்றவைத்தோம். பேட்ச் தகட்டைச் சதுரமாக வெட்டாமல், சேஸிஸின் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டிங் வராதபடி, இரண்டு முனையும் சாய்வாக இருக்கும்படி அண்ணா வெட்டினார். நேராகக் குறுக்கே பற்றவைத்தால் வண்டி முறுக்கிக்கொள்ளும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடுமாம். பேட்டரி கனெக்ஷனைக் கழற்றிவிட்டு, டீசல் டேங்கை இறக்கிவைத்த பிறகுதான் வெல்டிங் மெஷினைத் தொட்டார். கறுப்புத் தோலை முழுவதும் உரித்தபோது பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் பைப்பும் புழுத்துப்போயிருந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பைப்பை நம்பி எத்தனை முறை இறங்கியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க இன்றுவரை மனம் வரவில்லை. எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் ஆயிற்று.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். முதல் செலவு கோட்டிங்குக்கு அல்ல, ஒரு சுத்தியலுக்கு. இறக்கமில்லாத இடத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அண்ணா தட்டியதுபோல் நீங்களே தட்டிப் பாருங்கள். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. சத்தம் மழுங்கும் இடம் இருந்தால் கோட்டிங் பணத்தைப் பற்றவைப்பவரிடம் கொடுங்கள். போனில் செருகும் சிறிய குழாய் கேமரா மலிவாகக் கிடைக்கிறது. வடிகால் ஓட்டை வழியே உள்ளே விட்டுப் பாருங்கள். சென்னை வண்டி என்பதால் இருக்கைக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் சேற்றுக் கோடு ஏதாவது தெரிகிறதா என்றும் பார்ப்பது நல்லது. வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் சேஸிஸின் உள்ளே வண்டல் தங்கியிருக்கும்.

இரும்பு உறுதியாக இருந்தால், வேலையை மழைக்கு முந்தைய அவசரத்தில் செய்யாமல் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களின் வெயிலில் செய்யுங்கள். சேஸிஸின் உள்ளேயும் தண்ணீரைப் பாய்ச்சி, கீழே தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி, மூன்று நான்கு நாள் காயவிட வேண்டும். பொருக்குத் துருவை எல்லாம் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் எடுத்துவிட்டு, குழிகளில் மிஞ்சியதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டரைப் பூசினால் அது கறுத்துக் கெட்டியாகும். உதிரும் துருவின் மேல் அதைப் பூசுவது வீண். அதன்மேல் எபாக்சி பிரைமர், அதன்மேல் சாதாரணச் சேஸிஸ் பெயின்ட் போதும். வெறும் ரெட் ஆக்சைடோடு நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். அது பிரைமர்தான், மேலே பெயின்ட் இல்லாவிட்டால் ஈரத்தை உள்ளே விடும். பெயின்ட் அடித்தால் என்ன பயன், கல் பட்டால் போய்விடுமே என்பீர்கள். போகும்தான், ஆனால் போனது தெரியும். ஒரு பிரஷ்ஷோடு அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

பெட்டிச் சட்டத்தின் உள்ளே பெயின்ட் போகாது. அங்கே நீண்ட குழாயும் எல்லாப் பக்கமும் பீய்ச்சும் முனையும் உள்ள கேவிட்டி வாக்ஸ் என்ற மெழுகை அடிக்க வேண்டும். மெழுகு காய்ந்து கல்லாகாமல் பிசுபிசுப்பாகவே இருப்பதால் சந்துகளுக்குள் ஊர்ந்து போகும். அடித்து முடித்த பிறகு வடிகால் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் திறந்துவிடுங்கள். வெல்டிங் வேலை இருந்தால் அதை முன்னாலேயே முடித்துவிடுங்கள். பிறகு செய்தால் உள்ளே இருக்கும் மெழுகு எரிந்துபோவதோடு தீப்பிடிக்கவும் கூடும்.

என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை டீசலில் கலந்து அடித்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். என் அப்பா காலத்தில் நாங்களும் அடித்தோம். துருவை அது ஓரளவு தள்ளிப்போடும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வில்லுப்பட்டையின் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், சைலன்சரின் மேல் பட்டால் புகையும், முதல் மழையிலேயே பாதி கழன்று நாம் குடிக்கும் ஓடைக்குப் போகும். பேட்டரியில் இணைத்தால் துருவைத் தடுக்கும் என்று ஒரு மின்னணுப் பெட்டியும் விற்கிறார்கள். கப்பலும் மண்ணில் புதைத்த குழாயும் மின்சாரத்தால் துருவிலிருந்து காக்கப்படுவது உண்மைதான். அவை தண்ணீரிலோ ஈர மண்ணிலோ மூழ்கியிருப்பதால் மின்சுற்று முழுமையாகிறது. காற்றில் நிற்கும் ஜீப்புக்கு அந்தச் சுற்று எங்கிருந்து வரும் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

புல்லின் மேலோ மண் தரையிலோ நிறுத்தாதீர்கள். இரவு முழுவதும் அடியிலிருந்து ஈரம் ஏறும். நான் நான்கு சக்கரத்துக்கும் இரண்டு வரிசை சிமென்ட் போட்டிருக்கிறேன். வீடியோவுக்காக வண்டியை ஆற்றில் இறக்கி நுரை கிளப்பிவிட்டு, பானெட்டை மட்டும் துடைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்து நீங்களும் ஆசைப்படாதீர்கள். சேறு முதலில் போய் உட்காரும் இடம் சேஸிஸின் உள்ளேதான்.

என் ஜீப்புக்கு இப்போதும் ஆண்டுதோறும் மார்ச்சில் மெழுகு அடிக்கிறேன், மைத்துனரின் மூட்டைகளுக்குக் கீழே தார்ப்பாய் விரிக்கிறேன், மாதம் ஒருமுறை வடிகால் ஓட்டைகளில் சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டுப் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது வலது பக்கம் மூன்றாவது ஓட்டை மண்ணால் அடைத்துக்கொண்டிருந்தது. குத்தியதும் இரண்டு சொட்டுத் தண்ணீர் வந்தது, நிறமில்லாமல்.