மார்ஃபினும் மற்ற பயங்களும்: வாசகர் கேள்வி – பதில்

தீவிர நோயுள்ள குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, குழந்தைகளுக்கான நோய் ஆதரவு சிகிச்சையில் (வலியையும் மற்ற தொல்லைகளையும் தணிக்கும் சிகிச்சை) பணிபுரியும் மருத்துவரும் செவிலியர்களும் தரும் பதில்கள்.

என் மகனுக்கு 6 வயது, எடை 16 கிலோ. தொடை எலும்பில் புற்றுநோய். வலிக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். ‘அது கடைசிக் கட்டத்துக்கான மருந்து, பழகிவிடும்’ என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். ரொம்ப வலித்தால் மட்டும் கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

தயங்காமல் கொடுங்கள். ஆனால் ‘வலித்தால் மட்டும்’ என்பது வேண்டாம். பல வீடுகளில் மருந்து கையில் இருந்தும் குழந்தை வலியில் கிடப்பது இதனால்தான். சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வந்த பிறகு கொடுத்தால், அது பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். முற்றிய வலிக்கு அதே அளவு போதாமலும் போகும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, பின்னிரவு 2 என்று செல்போனில் அலாரம் வையுங்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வராதுதான். அதற்காக 2 மணி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரவு வேளையை எப்படி வைப்பது என்று மருத்துவரிடமே கேளுங்கள். இடையில் வலித்தால் கொடுக்கவேண்டிய கூடுதல் அளவையும் எழுதி வாங்குங்கள். அதை எப்போது கொடுத்தீர்கள் என்று நோட்டில் குறித்துவந்தால், அடுத்த முறை அளவைக் கூட்டவோ குறைக்கவோ அந்தக் கணக்கு உதவும்.

மாத்திரையை விழுங்க முடியாவிட்டால், 10 மி.கி. மாத்திரையைப் பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கரைத்தால் 1 மி.லி.யில் 1 மி.கி. இருக்கும். மருத்துவர் சொன்ன அளவை ஊசியில்லாத சிரிஞ்சால் எடுத்து வாயில் விடலாம். கரைத்ததில் பொடி அடியில் தங்கும் என்பதால், நன்றாகக் கலக்கிவிட்டு உடனே எடுங்கள். அட்டையில் ‘எஸ்.ஆர்.’ என்று போட்டிருந்தால் பொடிக்கவே கூடாது. 12 மணி நேரத்தில் மெல்ல இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

மலச்சிக்கல் கட்டாயம் வரும். வாந்தியும் மயக்கமும் சில நாளில் பழகிவிடும், இது பழகாது. அதனால் மலமிளக்கி மருந்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும். எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பிள்ளைக்கு இசப்கோல் கொடுக்காதீர்கள், குடலில் கட்டியாக நின்றுவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் அதிகமாகத் தூங்குவான். பல இரவுகள் வலியில் விழித்துக் கிடந்த பிள்ளை அப்படித்தான் தூங்கும். கூப்பிட்டால் கண் விழிக்கிறானா என்று பாருங்கள். தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகி, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வலிக்குச் சரியான அளவில் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது, குழந்தையைப் போதைக்கு அடிமையாக்காது. உடல் பழகுவது உண்மை. அதனால் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பார்கள். மார்ஃபினுக்குப் பயந்து கோடீன், டிராமடால் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. 12 வயதுக்குக் கீழே அவை கூடாது. கோடீன் உடலுக்குள் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்கிறது. சில குழந்தைகளுக்கு அது மாறுவதே இல்லை, சிலருக்கு ஆபத்தான வேகத்தில் மாறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே குழந்தைகளுக்கான ‘வலிப் படிக்கட்டி’லிருந்து (வலி கூடக்கூட எந்த மருந்துக்கு மாறுவது என்ற வரிசை) கோடீன் இருந்த நடுப்படியை எடுத்துவிட்டது.

கூடவே பாரசிட்டமால் எழுதியிருந்தால் பாட்டிலைப் படித்துப் பாருங்கள். கிலோவுக்கு 15 மி.கி. என்றால் உங்கள் மகனுக்கு 240 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 10 மி.லி.; 250 மி.கி. உள்ளதில் 5 மி.லி.க்கும் சற்றுக் குறைவு. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும். கீமோ நடக்கும்போது காய்ச்சல் பார்க்காமல் இதைக் கொடுக்காதீர்கள், தொற்றின் காய்ச்சலை மறைத்துவிடும்.

பெருமூளை வாதம் உள்ள என் 9 வயது மகளுக்குப் பேச்சு இல்லை. வலிக்கிறதா, வெறும் அடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், விழுப்புரம்

‘அடம்’ என்று முடிவு கட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறாளா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுங்கள். ‘ஃபிளாக்’ என்ற இந்த முறையில் 10-க்கு 4 முதல் 6 வரை வந்தால் மிதமான வலி, 7 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான வலி. சிரிப்பதுபோல முகம் வைத்து வலியைக் காட்டும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் மகளுக்கே உரிய அடையாளங்களை அவளோடு எப்போதும் இருப்பவர்தான் எழுத வேண்டும். காரணம் தேடும்போது மலச்சிக்கல், சொத்தைப் பல், காது, நெஞ்செரிச்சல், இடுப்பு மூட்டு விலகல் என்று வரிசையாகப் பாருங்கள். இடுப்பு மூட்டு பலமுறை கண்ணில் படாமல் போகிறது: டயப்பர் மாற்றக் காலை விரிக்கும்போது மட்டும் அழுதால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

மூக்கு டியூப் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. ஊட்டும்போது இருமலும் வருகிறது.
– வாசகி, மதுரை

டியூபில் கேழ்வரகுக் கஞ்சி விடுவதானால், அதை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். மருந்துகளை ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாகக் கரைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் 10 மி.லி. அடைத்தால் 20 மி.லி. சிரிஞ்சில் வெந்நீரல்லாத இளஞ்சூட்டுத் தண்ணீரை மெதுவாக முன்னும் பின்னும் இழுங்கள். சிறிய சிரிஞ்சில் அழுத்தம் கூடி டியூப் வெடிக்கலாம். கம்பி எதையும் நுழைக்காதீர்கள்.

இருமல் வந்தால் ஊட்டுவதை நிறுத்தி, டியூபில் மூக்கருகே போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் ஊட்டாதீர்கள். காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்பதை நம்பவேண்டாம்; நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். டியூப் வழியே உறிஞ்சி எடுத்த திரவத்தில் பி.எச். தாள் (அமிலத்தன்மையைக் காட்டும் தாள்) 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் டியூப் வயிற்றில் இருக்கிறது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஊட்டி, முடிந்து அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள்.

ஆதரவு சிகிச்சைக்குப் போனால் கீமோவை நிறுத்திவிடுவார்களா?
– வாசகர், சேலம்

இல்லை. நோய் தெரிந்த நாளிலிருந்தே இரண்டும் சேர்ந்து நடக்கலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குழுவைக் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. தகவலுக்கு 104. மார்ஃபின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். தீரும் முன்பே போய் வாங்குங்கள்.

அண்ணன் பிழைக்கமாட்டான் என்று 5 வயதுத் தங்கையிடம் எப்படிச் சொல்வது?
– வாசகி, தூத்துக்குடி

‘தூங்கிவிட்டான்’, ‘ஊருக்குப் போயிருக்கிறான்’ என்ற இரண்டும் வேண்டாம். முதலாவதைக் கேட்ட குழந்தை தூங்கப் பயப்படும், இரண்டாவதைக் கேட்டது வாசலிலேயே காத்திருக்கும். ‘சாமிகிட்ட போறான்’ என்பது உங்கள் நம்பிக்கையானால் சொல்லுங்கள். அதோடு ‘உடம்பு வேலை செய்வது நின்றுவிடும், திரும்பி வரமாட்டான்’ என்பதையும் சொல்லுங்கள். அந்த வயதில் சாவு திரும்பி வரமுடியாதது என்று புரியாது, அதனால் அதே கேள்வி பத்து முறை வரும். தான் சண்டை போட்டதால்தான் அண்ணனுக்கு நோய் வந்தது என்று அவள் மனதில் இருக்கலாம். அவள் கேட்காவிட்டாலும் ‘உன்னால் வரவில்லை, உனக்கு ஒட்டாது’ என்று சொல்லிவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோவது, பாட்டுப் போடுவது மாதிரிச் சின்ன வேலைகளை அவளிடம் கொடுங்கள். மருந்து கொடுக்கும் பொறுப்பைத் தரவேண்டாம். பள்ளியில் வகுப்பு ஆசிரியருக்கும் விஷயம் தெரியட்டும். திடீரென்று படுக்கையை நனைத்தால் திட்டாதீர்கள்.